பயந்தவன் சட்டை

9

"கதவைத் தட்டறதுக்கு முன்னாடி ஒரு விஷயம், தலைவி" என்றான் நிகானோர். "ஊருக்கே பயம் தெளிய வைக்கிற வைத்தியர் இவரு. அவரே பட்டப்பகல்ல தாழ்ப்பாள் போட்டுக்கிட்டு உள்ள உக்காந்திருக்காருன்னா, நாம எந்த தைரியத்துல வெளிய நிக்கிறோம்?"

எர்மெலிந்தா அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மாநிலப் போலீஸில் பாதி ஆயுளைக் கழித்து, மேலதிகாரியோடு சண்டை போட்டுக்கொண்டு வெளியே வந்து, சொந்தமாகத் துப்பறிய ஆரம்பித்தவள் அவள். ரப்பர் பூட்ஸ், தோளில் சால்வை, அதற்குள் ஒரு பெரிய துணிப்பை. கேள்விகளுக்குப் பதில் சொல்வது தன் தொழில் இல்லை, கேட்பதுதான் என்பது அவள் கொள்கை.

அவளிடம் உதவியாளாக இருக்கும் நிகானோருக்குப் பயம் வந்தால் வாய் நிற்காது. பயம் இல்லாதபோதும் நிற்காது என்பது வேறு விஷயம். ஆனால் இன்று காலையிலிருந்து அவன் விட்ட ஜோக்குகளில் ஒன்றுக்குக்கூட அவனே சிரிக்கவில்லை. காணாமல் போயிருப்பவள் அவன் அக்கா எவெலியா.

சனிக்கிழமை சந்தைக்குக் கிளம்பியவள் திரும்பி வரவில்லை. நாளைக் காலை நகரத்தில் நிலத் தீர்ப்பாயத்தில் அவள் சாட்சி சொல்ல வேண்டும். சொன்னால் அவர்கள் ஊரான சான் இலாரியோவின் ஊற்று ஊருக்கே மிஞ்சும். சொல்லாவிட்டால் மின்சாரக் கம்பெனி அதைக் குழாயில் அடைத்துக்கொண்டு போய்விடும். ஊற்று போனால் போகிறது என்ற நிலைமைக்கு நிகானோர் வந்துவிட்டிருந்தான். அவனுக்கு அக்கா வேண்டும், உயிரோடு வேண்டும்.

ஊரே தேடிக்கொண்டிருந்தது. தேடலை முன்னின்று நடத்தியவர் நிலக் குழுத் தலைவர் அபுந்தியோ. நிகானோரின் பெண்ணுக்கு ஞானஸ்நானத்தில் தலை தாங்கியவர், அதனால் அவனுக்குக் கொம்பாத்ரே. கூடப் பிறந்தவனைவிட ஒரு படி மேலான உறவு. அவர் மூன்று நாளாக ஒரு வாய் சாப்பிடவில்லை. கண்ணெல்லாம் உள்ளே போய்விட்டது. காபி டம்ளரை வாங்கினால் கை நடுங்கிப் பாதி கீழே போகிறது. அதைப் பார்த்து நிகானோரே அவருக்கு ஆறுதல் சொன்னான்.

"எல்லாரும் தேட வந்தாங்க. ஒருத்தர் மட்டும் வரல" என்று எர்மெலிந்தா காலையில் சொன்னாள். அந்த ஒருத்தர்தான் இந்தக் கதவுக்குப் பின்னால் இருந்தார். இவர்கள் கையில் இருந்த துப்பும் அது ஒன்றுதான்.

அவள் தட்டி, மரியாதையோடு கூப்பிட்டாள். "தோன் புளோரென்சியோ! நான் எர்மெலிந்தா."

"இன்னைக்கு வைத்தியம் கிடையாது. உடம்பு சரியில்ல."

"எனக்கும் வைத்தியம் வேணாம். அடுப்புப் பக்கம் கொஞ்சம் உக்காரணும். இவன் நனைஞ்சு நடுங்கறான்."

காலை மூடுபனியில் நனைந்தது உண்மை. நடுங்கியது அதனால் இல்லை என்பது அவளுக்கும் தெரியும். தாழ்ப்பாள் விலகியது.

புளோரென்சியோவுக்கு நாற்பது வயதுதான் இருக்கும். கால்பந்து பனியனுக்கு மேல் இரண்டு போர்வை. அடுப்பு எரிகிற அறையில் அவர் பல் கடகடவென்று அடித்துக்கொண்டிருந்தது. புனிதர்களின் படத்துக்கு முன்னால் ஒரு மெழுகுவர்த்தி. அதன் பக்கத்தில் மடித்து வைத்த கட்டம் போட்ட சட்டை, முதுகெல்லாம் சேறு. சட்டை மேல் ஒரு பழைய சோடா பாட்டில், நிறையத் தண்ணீர், வாயில் சோளக் கதிரின் தக்கை.

அது என்னவென்று யாரும் நிகானோருக்குச் சொல்ல வேண்டியதில்லை. சின்ன வயதில் கழுதையிலிருந்து விழுந்தபோது அவனுக்கும் செய்திருக்கிறார்கள். பயந்த இடத்தில் மனுஷனின் நிழலை மண் பிடித்து வைத்துக்கொள்ளும். அவன் சாப்பிட மாட்டான், தூங்க மாட்டான், அப்படியே வற்றிப் போவான். வைத்தியர் அவன் சட்டையோடு அதே இடத்துக்குப் போய், அதை மண்ணில் இழுத்து, பேர் சொல்லிக் கூப்பிட்டு, அந்த மலையின் தண்ணீரைப் பிடித்துவர வேண்டும். அதைக் குடித்தால்தான் நிழல் திரும்பும்.

"யாரோட சட்டை?" என்றாள் எர்மெலிந்தா.

"சொல்ல மாட்டேன். தெளியறதுக்கு முன்னாடி பேரை வெளிய விட்டா, புடிச்சு வச்சிருக்கிறது இன்னும் இறுக்கிப் புடிக்கும்."

"எந்த இடத்துல பயந்தாரு?"

"அதையும் சொல்ல மாட்டேன். மழைக்காலத்துல அந்தப் பேரை வாயில எடுக்கக் கூடாது."

"பேரும் சொல்ல மாட்டாரு, இடமும் சொல்ல மாட்டாரு" என்றான் நிகானோர். "நீங்க பேசாம நம்ம முனிசிபாலிட்டியில வேலைக்குச் சேந்துடுங்க."

யாரும் சிரிக்கவில்லை. எர்மெலிந்தா முக்காலியை வைத்தியரின் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "உங்களை எது பயமுறுத்துச்சு, தோன் புளோரென்சியோ?"

அவர் ஒரு விறகை அடுப்புக்குள் தள்ளினார். பிறகு மெதுவாகச் சொன்னார். "நேத்து அந்த இடத்துக்குப் போனேன். கீழ தண்ணி வெளிய வர்ற வெடிப்புல பாட்டிலைப் புடிச்சேன். சட்டையை இழுத்தேன். எப்பவும் கூப்பிடற மாதிரிதான் கூப்பிட்டேன். வா, அங்க தங்காதே, வீட்டுக்குப் போவோம்னு. எத்தனையோ வருஷமா கூப்பிடறேன். ஒரு தடவைகூட பதில் வந்ததில்ல."

"நேத்து?"

"வந்துச்சு. மலைக்குள்ளேருந்து. 'இங்க இருக்கேன்'னு."

நிகானோர் முன்னால் குனிந்தான். "ஆம்பளக் குரலா?"

வைத்தியர் அவனை நிமிர்ந்து பார்த்தார். "நான் கூப்பிட்டது ஆம்பளையை. வந்தது ஆம்பளக் குரல் இல்ல."

நிகானோர் எழுந்த வேகத்தில் அவன் உட்கார்ந்திருந்த முக்காலி உருண்டது. "அது என் அக்கா! அறிவு இருக்காய்யா உனக்கு? உசிரோட இருக்கா! எந்த இடம்னு சொல்லு!"

"நானும் அப்படித்தான் நினைப்பேன்னு அதுக்குத் தெரியும்" என்றார் புளோரென்சியோ. "கீழ இருக்கிறது யார் குரல்ல வேணும்னாலும் கூப்பிடும், தம்பி. குரலைத் தேடிப் போனவன் எவனும் திரும்பினதில்ல. உன்னையும் அனுப்பிட்டு, உனக்கும் சேத்து நான்தான் போய்க் கத்தணுமா? கழுத்தை அறுத்தாலும் சொல்ல மாட்டேன்."

அவர் பொய் சொல்லவில்லை, நடிக்கவும் இல்லை. அதுதான் நிகானோரை இன்னும் பயமுறுத்தியது.

எர்மெலிந்தா சத்தமில்லாமல் எழுந்து பாட்டிலை எடுத்துத் தக்கையைப் பிடுங்கினாள். "இந்தா, ஒரு வாய் குடி."

மூன்று நாள் பயத்தில் நிகானோரின் தொண்டை பொட்டலாகக் காய்ந்திருந்தது. எதற்கு என்று கேட்கவும் தோன்றாமல் வாங்கினான். வைத்தியர் "ஐயோ!" என்று கத்துவதற்குள் பாட்டில் காலியாகிவிட்டது.

"அது இன்னொருத்தன் நிழல்டா, பாவி!"

நிகானோர் வாயைப் பொத்திக்கொண்டான். "தலைவி, நான் ஒரு ஆளைக் குடிச்சிட்டேனா?"

"ஒரு வாய்தான் சொன்னேன். சரி போகட்டும். ருசி எப்படி இருந்துது?"

"ருசியா? சுண்ணாம்புத் தண்ணியில சோளம் ஊற வச்ச பானையைக் கழுவி ஊத்தின மாதிரி. ஒரே சுண்ணாம்பு."

"மத்த ஊத்தெல்லாம்?"

"எல்லாம் கறுப்பு மண்ணுத் தண்ணி, தித்திப்பா..." அவன் பாதியில் நிறுத்தினான். அந்தப் பக்கத்தில் வெள்ளைப் பாறைக்குள்ளிருந்து வருகிற தண்ணீர் ஒன்றே ஒன்றுதான். அயாவ்தெபெத் மலையின் காலடி ஊற்று. வழக்கில் இருப்பதும் அதுதான்.

வைத்தியர் போர்வையைத் தலை வரை இழுத்துக்கொண்டார். அதுவே போதுமான பதிலாக இருந்தது.

"சட்டையை எடுத்துட்டுப் போறேன்" என்றாள் எர்மெலிந்தா.

"எடுத்துட்டுப் போங்க. அது என் வீட்டுல இருக்கவே வேணாம்."

வெளியே வாசல் பீப்பாயில் மழைத்தண்ணீர் நிரம்பியிருந்தது. எர்மெலிந்தா காலி பாட்டிலை அதில் முக்கி நிரப்பி, தக்கையை அடைத்துப் பைக்குள் போட்டாள். சட்டையை மட்டும் விரித்துக் காட்டினாள். "இதைப் பாத்திருக்கியா?"

"ஊர்ல பாதி ஆம்பளைங்க இதான் போட்டிருக்காங்க. சந்தையில சட்டைக்கடை ஒண்ணுதானே? இது கொஞ்சம் தொப்பை உள்ள சைஸு." அவன் கால்கள் அதற்குள் நடக்க ஆரம்பித்திருந்தன. "ஆனா தலைவி, அந்த மலையை ஞாயித்துக்கிழமையே அலசியாச்சே. ஒவ்வொரு புதரா பாத்தோமே."

"மலையை அலசினீங்க. தண்ணியை?"

அவன் நின்றான். அபுந்தியோ வேலிக்கு முன்னால் கை நீட்டித் தடுத்தது நினைவுக்கு வந்தது. இதுக்கு அந்தப் பக்கம் ஊத்து, நம்ம எல்லை இல்ல, கம்பெனி ஆளுங்களே பாத்துட்டாங்க, வாங்க போவோம்.

"அதான்" என்றாள் எர்மெலிந்தா. "உங்க அக்கா நாளைக்கு என்ன சொல்றதா இருந்தா?"

"பழைய பட்டாவுல அரசாங்கம் குடுத்தது சான் இலாரியோ அல்தெபெத்துன்னு இருக்கு. எங்க பழைய பாஷையில அல்தெபெத்துன்னா தண்ணியும் மலையும்; ரெண்டும் சேந்தாத்தான் ஊரு, இன்னைக்கும் நாங்க அப்படித்தான் சொல்றோம்னு அக்கா சொல்லணும். கம்பெனியோட நிபுணர் என்ன சொல்றாருன்னா, அதெல்லாம் அந்தக் காலம். முதல்ல தண்ணியும் மலையும், அப்புறம் ராஜ்ஜியம், அப்புறம் ஊரு, இன்னைக்கு யாரைக் கேட்டாலும் கோயில் தெருவும் ஆபீசும்தான். சொல்லோட பழைய அர்த்தம் செத்துப் போச்சாம், அதனால ஊத்து ஊருக்கு வெளியாம். இன்னும் கொஞ்ச காலம் போனா ஆபீஸ் வாசல்ல டாக்கோ பலகாரம் விக்கிற வண்டி மட்டும்தான் அல்தெபெத்து." அவன் வானத்தை அண்ணாந்து பார்த்தான். "மழை வருது, தலைவி. மழை வந்தா ஊத்துக்கு மேல இருக்கிற அந்தக் குகைக்குள்ள தண்ணி ஏறும்."

முதல் சொட்டுகள் விழுந்தபோது மூடுபனிக்குள்ளிருந்து இரண்டு விளக்குகள் வந்தன. அபுந்தியோவின் பிக்கப் வண்டி.

"கொம்பாத்ரே! ஏதாவது தெரிஞ்சுதா?" என்று அவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். முகம் சாம்பல் நிறத்தில் இருந்தது.

நிகானோர் வாயைத் திறப்பதற்குள் எர்மெலிந்தா ஏறி உட்கார்ந்துவிட்டாள். "ஊத்து வேலி வரைக்கும் விடுங்க, தோன் அபுந்தியோ. சும்மா ஒரு தடவை பாத்துடறோம். மனசு ஆறல."

வண்டி ஒரு கணம் கிளம்பாமல் நின்றது. பிறகு கிளம்பியது.

வழி முழுக்க நிகானோர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கண்ணாடியில் துடைப்பான் ஒவ்வொரு தடவை போய் வரும்போதும் மழை கூடியிருந்தது. அவன் மனைவி கட்டிக் கொடுத்த தமால் கொழுக்கட்டைப் பொட்டலத்தை எர்மெலிந்தா பிரித்து அபுந்தியோவிடம் நீட்டினாள். அவர் தலையை ஆட்டி மறுத்தார். "எறங்க மாட்டேங்குது."

"தூக்கம்?"

"வரல."

"கை ஜில்லுன்னு இருக்கே" என்றாள், அவர் கை மேல் கை வைத்து. கரிசனமாகத்தான் கேட்டாள். ஆனால் நிகானோர் அவர் முகத்தை இன்னொரு தடவை பார்த்தான்.

வேலியின் கதவில் கம்பெனிப் பூட்டு. எர்மெலிந்தா கம்பிக்கு அடியில் புகுந்தாள். நிகானோரும் புகுந்தான். அபுந்தியோ வெளியிலேயே நின்றுகொண்டு, சாவி இல்லை, அனுமதி இல்லை, வழுக்கும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தார். கடைசியில் அவரும் வந்தார், இடுப்பில் வெட்டுக்கத்தியோடு. காட்டுக்குள் போகிற எவனும் கத்தி இல்லாமல் போவதில்லை. ஆனால் இன்று அந்தக் கத்தி தன் முதுகுக்குப் பின்னால் வருவதை நிகானோர் ஒவ்வோர் அடியிலும் உணர்ந்தான். ஏன் என்று தனக்கே சொல்லிக்கொள்ள அவனுக்குத் துணிவில்லை.

ஊற்றுக்கு மேலே, காபிச் செடிகள் முடிகிற இடத்தில், மலையின் வாய் திறந்திருந்தது. ஒரு மாடு விழுகிற அகலம். உள்ளே இருட்டு, இருட்டுக்குள் தண்ணீர் இரைச்சல். எர்மெலிந்தா விளிம்பில் நின்று திரும்பினாள். நிகானோரும் திரும்பினான். அபுந்தியோ வெகுதூரம் தள்ளி, கால் நகராமல், ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

"பக்கத்துல வாங்க, தோன் அபுந்தியோ."

"இங்கேருந்தே தெரியுது."

எர்மெலிந்தா பைக்குள்ளிருந்து சட்டையை எடுத்து உதறினாள். "உங்களுது. வைத்தியர் குடுத்து அனுப்பினாரு."

நிகானோர் சட்டையைப் பார்த்தான். தொப்பையைப் பார்த்தான். மூன்று நாளாகத் தனக்காகப் பட்டினி கிடக்கிறார் என்று நினைத்து உருகிய அந்த முகத்தைப் பார்த்தான். அது துக்கம் இல்லை. மண் பிடித்த பயம்.

"கொம்பாத்ரே?" என்றான்.

கத்தி உறையிலிருந்து வந்துவிட்டது. அபுந்தியோ ஓர் அடி எடுத்து வைத்தார், நிகானோரைப் பார்த்துத்தான். பயந்த மனுஷன் கையில் கத்தி இருப்பதைவிட மோசமான காட்சி கிடையாது. நிகானோருக்குப் பின்னால் குகை, முன்னால் அவர்.

"இதையும் பாருங்க" என்றாள் எர்மெலிந்தா. குரல் கொஞ்சமும் ஏறவில்லை. ஒரு கையில் பாட்டில். மறு கையால் தக்கையை எடுத்துவிட்டுச் சாய்த்தாள். "நேத்து இங்கேருந்து புடிச்ச தண்ணி. உங்க நிழல் இதுக்குள்ளதான் வந்துக்கிட்டிருக்கு. ஊத்திடவா?"

வைத்தியர் வீட்டுப் பீப்பாயின் மழைத்தண்ணீர் பாட்டில் கழுத்தில் தளும்பியது. நிகானோர் மூச்சைப் பிடித்துக்கொண்டான். அசல் சரக்கு அவன் வயிற்றில் கிடந்தது. தன் முகத்தைப் பார்த்து அபுந்தியோ கண்டுபிடித்துவிட்டால் இரண்டு பேரும் தொலைந்தோம் என்று மட்டும் தெரிந்தது.

இரண்டு சொட்டு மண்ணில் விழுந்தது.

"ஊத்தாதீங்க!" அபுந்தியோ கத்தியைப் போட்டுவிட்டு முட்டி போட்டார். "ஊத்தாதீங்க, தாயே! சும்மா பேசத்தான் கூட்டிட்டு வந்தேன். ஊத்து ஊருக்கு வெளியன்னு கம்பெனிக்கு எழுதிக் குடுத்துட்டேன், நீ கோர்ட்டுல எதுவும் சொல்லாதேன்னு கெஞ்சினேன். கேக்கல. புடிச்சுத் தள்ளினேன். உள்ள போய் விழுந்து ஒரு சத்தம் போட்டா பாருங்க... அப்பவே என் உசிரு போயிடுச்சு. கயிறு வண்டியிலதான் இருக்கு, கொம்பாத்ரே. தினம் எடுத்துட்டு வருவேன். இன்னைக்கு வரைக்கும் வேலிக்கு இந்தப் பக்கம் காலு வரல."

நிகானோர் ஓடிய ஓட்டத்தில் கயிறு வந்தது. மரத்தில் கட்டும்போது முடிச்சு இரண்டு தடவை நழுவியது. விளிம்பில் குப்புறப் படுத்துத் தலையை உள்ளே விட்டான். குளிர்ந்த காற்று முகத்தில் அறைந்தது. கீழே இரைச்சல் ஏறிக்கொண்டிருந்தது. கீழ இருக்கிறது யார் குரல்ல வேணும்னாலும் கூப்பிடும் என்று வைத்தியர் சொன்னது காதில் கேட்டது. கூப்பிட்டால் பதில் வருமோ என்று பயம். வராமல் போய்விடுமோ என்று அதைவிடப் பெரிய பயம்.

"எவெலியா!" என்று கத்தினான். வைத்தியர் கூப்பிடுகிற மாதிரியே வந்தது. வேறு எப்படிக் கூப்பிடுவது என்று அவனுக்குத் தெரியவில்லை. "எவெலியா! வா! அங்க தங்காதே! வீட்டுக்குப் போவோம்!"

இரைச்சல் மட்டும்தான்.

"அக்கா!"

இருட்டுக்குள்ளிருந்து, கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல, கம்மிப்போன ஒரு குரல் வந்தது. "இங்க இருக்கேன். எருமை, கத்தறதை விட்டுட்டுக் கயிறைப் போடு. தண்ணி இடுப்புக்கு வந்துடுச்சு."

பேய் எந்தக் குரலில் வேண்டுமானாலும் கூப்பிடலாம். ஆனால் நிகானோரை எருமை என்று கூப்பிட உலகத்தில் ஒருத்திதான் உண்டு. அவன் அழுதுகொண்டே கயிற்றைப் போட்டான்.

இரண்டு பேரும் இழுத்தார்கள். பாதியில் மூன்றாவதாக இரண்டு கைகள் கயிற்றைப் பிடித்தன. நிகானோர் திரும்பிப் பார்த்தான். அபுந்தியோ. கண்ணை இறுக மூடிக்கொண்டு இழுத்துக்கொண்டிருந்தார். அடித்துத் தள்ள நேரமில்லாததால் நிகானோர் விட்டுவிட்டான்.

எவெலியா மேலே வந்தபோது ஒரு கால் கோணிக்கொண்டிருந்தது. உதடு நீலம். எர்மெலிந்தா சால்வையைச் சுற்றினாள். தம்பியின் மடியில் தலை வைத்துக்கொண்டு, எவெலியா அபுந்தியோவைக் காட்டி முதலில் கேட்டது இதைத்தான்: "நேத்து யாரோ கீழ நின்னு இவன் பேரைக் கூப்பிட்டாங்க. நான் பதில் சொன்னேன். தலைதெறிக்க ஓடிட்டான். யாருடா அவன்?"

"வைத்தியரு. இவருக்குப் பயம் தெளிய வைக்க வந்தாரு. ஊத்துத் தண்ணி எடுத்துட்டுப் போனாரு" என்றான் தம்பி.

"இந்த ஊத்துத் தண்ணியா? இவன் கேட்டா?"

"கேட்டாரு. அதை நான் குடிச்சிட்டேன்" என்றான் நிகானோர். "அந்தப் பாட்டில்ல இருக்கிறது பீப்பாய்த் தண்ணி."

அபுந்தியோவிடமிருந்து ஒரு முனகல் வந்தது. சேற்றில் அப்படியே சரிந்து உட்கார்ந்தார். எவெலியா அவரைப் பார்த்தாள். பிறகு, வலியில் முகம் சுருங்க, சிரித்தாள்.

"டேய், அவனுக்கும் கூப்பிடு."

"யாருக்கு, இவனுக்கா? உன்னைத் தள்ளினவனுக்கா? என் பொண்ணு தலையைத் தாங்கின கையால தள்ளியிருக்கான் அக்கா. அவன் நிழலு அங்கேயே கிடந்து அழுகட்டும்."

"கூப்பிடுடா. தண்ணியும் புடிச்சுக் குடு. நாளைக்கு நீதிபதி முன்னாடி இவன் முழு ஆளா நிக்கணும். மலை வேற, தண்ணி வேற, அந்தச் சொல்லுக்கு இன்னைக்கு யாரும் அப்படி அர்த்தம் பண்றதில்லன்னு எழுதிக் குடுத்தவன் இவன்தான். மலை புடிச்சு வச்சதை வாங்கறதுக்கு எந்தத் தண்ணியைத் தேடி ஆள் அனுப்பினான்னு அவன் வாயாலயே சொல்லட்டும். ரெண்டும் ஒண்ணுன்னு இவனே நம்பறானே, நிபுணரு அப்புறம் பேசட்டும்."

எர்மெலிந்தா பையிலிருந்து சட்டையையும் எடுத்துக் கீழே வைத்தாள். பாட்டிலைக் கவிழ்த்துக் காலி செய்து நிகானோரிடம் நீட்டினாள்.

அவனுக்கு இஷ்டமே இல்லை. பயமும் போகவில்லை. ஆனாலும் கீழே போய் வெடிப்பில் பாட்டிலைப் பிடித்து நிரப்பி வந்தான். சேற்றுச் சட்டையை எடுத்து விளிம்பு ஓரமாக மண்ணில் இழுத்தான். பல்லைக் கடித்துக்கொண்டு, மலையின் வாய்க்குள் கத்தினான்.

"அபுந்தியோ! வா! அங்க தங்காதே! வீட்டுக்குப் போவோம்!"

மலை பதில் சொல்லவில்லை. அவன் முதுகுக்குப் பின்னால், சேற்றில் உட்கார்ந்திருந்த அந்தப் பெரிய மனுஷன் தேம்பிக்கொண்டே சொன்னார்.

"இங்க இருக்கேன்."